அழுகிய முளைப்பாரி

உ
மாரியம்மன் துணை
நேமத்தான்பட்டி, 18.4.2025

அன்புள்ள சந்திரலேகா மதினிக்கு, அழகி எழுதுவது.

அண்ணன் சுகம்தானே? அடுத்த தெருவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் அதையும் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவீர்களோ என்று பயம்.

காப்புக் கட்டி முளைப்பாரி போட்டவள் ராத்திரி வெளியூரில் தங்கக்கூடாது. அது எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியோடு புதுவயல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இன்னிக்கு ஒரு ராத்திரி இரேன் அழகி" என்று கையைப் பிடித்தார். அந்தக் கையை விலக்கிவிட்டுப் பொழுது சாய ஊர் திரும்பினேன். தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உங்கள் வீட்டில்தானே தண்ணீர் வாங்கிக் குடித்தேன்?

பகலில் என் பாரிக்குத் தண்ணீர் தெளிப்பதாகச் சொன்னவர் நீங்கள். முளை அழுகிவிட்டது. காரணம் கேட்ட தேனம்மையிடம், "காப்புக் கட்டிட்டுப் புதுவயல்ல தங்குனாள்ல, ஆத்தா பொறுப்பாளா?" என்றீர்களாம்.

ஊர்வலத்தில் என்னைக் கடைசியில் தள்ளினார்கள். இனி நான் விதை போடவே கூடாதாம். தினமும் போய்த் திரும்பிய பஸ் செலவெல்லாம் வீட்டுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். காட்டமாட்டேன். தப்புச் செய்யாதவள் எதற்கு நிரூபிக்க வேண்டும்?

மனம் கொதிக்கும்,
அழகி

21.4.2025

என் அன்பு அழகிக்கு,

ஏன் இம்புட்டுக் கோபம்? எல்லாரும் சுற்றி நின்று, "நீங்கதானே தண்ணி ஊத்துனீக?" என்று கேட்டார்கள். பதறிப்போய் ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வா. கோழி அடித்துக் குழம்பு வைக்கிறேன். உன்னிடம் தனியாக மன்னிப்பும் கேட்கிறேன். அதோடு விட்டுவிடு.

உன் மதினி,
சந்திரலேகா

22.4.2025

மதினிக்கு,

ஒரு பேச்சுக்குச் சொன்னதா? நான் எட்டாவதோடு நின்றவள். பிறகு படித்ததெல்லாம் நானே தேடிப் படித்தது. முதுகுக்குப் பின்னால் குறை சொன்னால் புறணி. அது உண்மையாகக்கூட இருக்கலாம். உங்கள் ரசத்தைப் பற்றி நானும் பேசியிருக்கிறேன். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்து இருவரையும் மோதவிட்டால் கோள். பொய்யென்று தெரிந்தே ஒருத்தி பேரைக் கெடுத்தால் அவதூறு. நீங்கள் செய்தது அவதூறு.

ஊரே கேட்கும்படி சொன்ன பொய்க்கு அடுப்பங்கரையில் மன்னிப்பா? வெள்ளிக்கிழமை பூஜைக்கு எல்லாரும் வருவார்கள். அங்கே சொல்லுங்கள். கோழி வேண்டாம்.

அழகி

26.4.2025

மதினிக்கு,

நேற்று கோயிலில் சொன்னீர்கள். "தண்ணிய நான்தான் கூடுதலா ஊத்திட்டேன். அழகி ஒரு ராத்திரியும் வெளியூர்ல தங்கல. நான் சொன்னது பொய்." பிரசாதம்கூட வாங்காமல் போய்விட்டீர்கள்.

அதன்பிறகு நடந்ததைக் கேளுங்கள். தேனம்மை சும்மா இருக்கவில்லை. "தண்ணி மட்டுமா? உப்பக் கரைச்சு ஊத்திருப்பா. நாத்தனார் மேல அம்புட்டுப் பொறாமை" என்றாள். நாலு பேர் தலையாட்டினார்கள். அடுத்த வருஷம் உங்களை முளைப்பாரி வீட்டுக்குள் விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தார்கள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஏன்டி தேனம்மை, மதினி உப்புப் போட்டத நீ கண்ணால பாத்தியா? நேத்துவரைக்கும் என்னைய மென்னீக, இன்னிக்கு வாய் சும்மா இருக்க மாட்டேங்குதா?" என்று கத்திவிட்டேன். சந்நிதியில் சத்தம் போட்டதற்காக ஆத்தாளிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு, "மதினிக்கு இடமில்லன்னா நானும் விதை போடல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதை வைத்து என் கோபம் ஆறிவிட்டதாக நினைக்காதீர்கள். உங்கள் வாசலை மிதிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. எப்போது வரும் என்றும் தெரியாது. ஆனால் உப்பென்று எவளாவது வாய் திறந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வருகிறேன்.

அழகி