பலகையின் பின்பக்கம்

இஞ்சேருங்கோ,

வேலைக்குப் போறன். மீன்கறி அடுப்பில கிடக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

பின்வளவில சாத்தி வைச்சிருக்கிற, வீட்டு முகப்பில அடிக்கிற பலகையளைத் தொடாதேங்கோ. பெயின்ற் இன்னும் காயேல்லை. "சுவரோட ஒட்டுற பக்கத்தை ஆர் பாக்கப்போகினம்?" எண்டு நேற்றுச் சத்தம் போட்டீங்கள். ஆரும் பாக்காயினம்தான். ஆனா பனி உருகிற தண்ணி சுவருக்கும் பலகைக்கும் இடையிலதான் இறங்கும்; போன வருசம் அடிச்ச பலகை அப்பிடித்தானே உக்கினது.

இங்க கர்க்லாண்டில அக்கம்பக்கத்தில எல்லாரும் சுவருக்கு வினைல் பிளாஸ்ரிக் தகடு அடிச்சுப்போட்டு நிம்மதியா இருக்கினம். இங்கிலாந்துப் பழைய வீடு மாதிரி வெள்ளைச் சுவரில கறுப்புப் பலகைச் சட்டம் வேணுமெண்டு பிடிவாதமா நிண்டது நீங்கள். எனக்கு அலுத்துப்போச்சு. எண்டாலும் எல்லாப் பலகைக்கும் பின்பக்கம் நானே பெயின்ற் பூசிப்போட்டன்.

நிரஞ்சனி

கராஜைப் பூட்டிப்போட்டன். திறப்பைத் தேடாதேங்கோ, நான் கொண்டுபோறன். ஏணி உள்ளுக்கு இருக்கு. தனிய ஏறுவீங்கள் எண்டு தெரியும். கோவம் இருந்தா இருக்கட்டும், பின்னேரம் வந்து நான்தான் ஏணியைப் பிடிப்பன்.