ஆற்றுப் பக்கக் கதவு

என்னங்க,

நான் பிளான் வரைந்த ஆஸ்பத்திரி போன மாதம் திறந்துவிட்டது. ஆம்பூரில் மற்ற கட்டடமெல்லாம் பாலாற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது இது மட்டும் ஆற்றைப் பார்க்கிறது. சீமைக்கருவேலத்தை வெட்டி, குப்பையை அள்ளி, வார்டிலிருந்து நேரே மணலில் இறங்க ஒரு கதவு வைத்தேன். நோயாளிகள் காற்று வாங்கத்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் ஓசூருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டீர்கள். ஆற்றைப் பற்றிப் பேசினாலே எழுந்து போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வார்டுக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். ஞாயிறு காலை ஆற்றுப் பக்கக் கதவருகே ஒரு சின்ன ஜோடி கிடந்தது. ஆறு வறண்டு கிடக்கிறது, செருப்போ சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இந்த வெயிலிலும் இன்னும் காயவில்லை.

"இன்னா மேடம் இது? நம்ம வார்டுல குழந்தைங்களே கெடையாதே," என்றாள் நர்ஸ் பிரிசில்லா. யாரும் அதைத் தொட மாட்டேன் என்கிறார்கள். கதவைச் செங்கல் வைத்து அடைக்க நாளை மறுநாள் கொத்தனார் வருகிறார்.

இன்று நான் எடுத்துப் பார்த்தேன். அறுந்த வாரை, உங்கள் ஷூ கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சிவப்பு நூலால் பாப்பாவுக்குத் தைத்துக் கொடுத்தீர்களே, அந்தத் தையல் அப்படியே இருக்கிறது.

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அது வார்டைப் பார்த்துக் கிடக்கிறது. உள்ளே போனவள் இன்னும் வெளியே வரவில்லை.

கதவை அடைப்பதற்குள் வந்துவிடுங்கள். ரோட்டுப் பக்கமாக வேண்டாம், ஆற்றில் இறங்கி வாருங்கள். உங்கள் செருப்பை அதன் பக்கத்திலேயே விடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா