நிறைஞ்சிருச்சு

வெள்ளிக்கிழமை, ராத்திரி

கொரோனா போயும் சுற்றுலா மட்டும் இன்னும் படுக்கையை விட்டு எந்திரிக்கல. அதுக்கு அரசாங்கம் கடன் குடுக்குதுன்னு அப்பா எழுதிப் போட்டிருந்தாரு. கிடைக்காட்டி வெள்ளைக்காரங்களுக்கு ஊர் சுத்திக் காட்டுற எங்க வேனை வித்துருவாரு. இன்னைக்கு விசாரிக்க ஒரு அதிகாரி வந்தாரு, சென்னைக்காரர். அப்பா ஆத்தங்குடிக்குத் தரைக்கல்லு ஏத்துற கூலி வேலைக்குப் போயிருந்தாரு.

"வேன் ஓடுதாப்பா?"

"வேன் ஓடல சார், உள்ள எலிதேன் ஓடுது."

சிரிச்சாரு. எனக்கும் பெருமைதான்.

அம்மா விளக்கேத்திட்டு வந்துச்சு. "டூரிஸ்டுங்க வர்றாங்களாம்மா?"ன்னு கேட்டாரு. விளக்கு வச்ச நேரத்துல அம்மா 'இல்லை'ன்னு சொல்லாது. அரிசி தீந்தாக்கூட நிறைஞ்சிருச்சுன்னுதான் சொல்லும்.

"எல்லாம் நிறைஞ்சிருச்சு சார்."

டூரிஸ்டு நிறைஞ்சிருச்சுன்னு அப்படியே எழுதிக்கிட்டாரு.

பின்னாடியே ஓடினேன். "சார், எங்க வீட்டுல நிறைஞ்சிருச்சுன்னா காலின்னு அர்த்தம்."

"சரியான குசும்பன்டா நீ"ன்னு முதுகுல தட்டிட்டு ஜீப்புல ஏறிட்டாரு.

அப்பா வந்ததும் "என்ன சொன்னாக?"ன்னு கேட்டாரு. "எல்லாம் வெவரமாச் சொல்லிட்டேன்"னு அம்மா சிரிச்ச முகமாச் சொல்லுது. நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன்.

தூக்கம் வரல. திங்கக்கிழமை ஆபீசு தொறந்ததும் போயி நிக்கணும். சிரிக்காமச் சொல்லணும். இப்பக் கண்ணாடி முன்னாடி சொல்லிப் பார்த்தேன். நிசத்தைச் சொல்லும்போதும் என் மூஞ்சி பொய் சொல்ற மாதிரியே இருக்கு.