ஊத்தோடைப் பாலத்துக் கண்ணாடி

ஆகஸ்ட் 11, 1964 – சாத்தூர்

மதராஸிலிருந்து இரவல் வந்திருக்கும் புதுச் சுத்தியலை இன்று ஊத்தோடைப் பாலத்தில் வைத்துப் பார்த்தேன். பார்க்கச் சைக்கிள் பம்பு மாதிரி இருக்கிறது. கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் உள்ளே ஒரு குண்டு அடித்துத் தெறிக்கிறது. அதிகம் தெறித்தால் கான்கிரீட் உறுதி. பாலத்தை உடைக்காமலே நாடி பார்க்கலாமாம். எங்கே வைத்தாலும் நல்ல எண்தான் காட்டியது.

மனசு கேட்காமல் பழைய கைச்சுத்தியாலும் தட்டினேன். மேற்கு முனையில், தளத்தின் அடியில், டொப்பென்று கேட்டது. உள்ளே பிரிந்து கிடக்கிற சத்தம். இரண்டு சுத்தியல், இரண்டு பதில். நான் எதை நம்ப?

ஆகஸ்ட் 12

டொப் சத்தம் கேட்ட இடத்தில் மயிரிழை விரிசல். அதன் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சிமென்ட் பூசினேன். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். அது பொய் சொல்லாது.

ஓடை வழியாகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அச்சங்குளத்துப் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெள்ளைத்தாய் என்பவள் மட்டும் கேட்டாள்: "ஓவர்சியரய்யா, இது எதுக்கு?"

"இது உடைஞ்சா பாலத்தை மூடிருவோம்" என்றேன், பெரிய மந்திரவாதி மாதிரி.

ஆகஸ்ட் 27

கண்ணாடி அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 9

கண்ணாடி அப்படியே. ஆனால் டொப் சத்தம் முதல் நாள் நான் அதைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் போட்ட கோட்டைத் தாண்டிவிட்டது. அதெப்படி? என் காது கெட்டுவிட்டதா? வீட்டுக்கு வந்து சுவர், கதவு, ஆட்டுக்கல் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன்.

"எந்தலையில தட்டிப் பாத்துறாதீக. உங்களக் கட்டுன நாள்ல இருந்து அது டொப்புன்னுதான் கேக்கும்" என்றாள் சுப்புலட்சுமி. புருஷனைக் கேலி செய்ய இவளுக்கு நேரம் காலம் கிடையாது.

செப்டம்பர் 15

இன்ஜினியரிடம் சொன்னேன். "புதுச் சுத்தியல் நல்லாயிருக்குங்குது. கண்ணாடியும் நல்லாயிருக்குங்குது. உமக்கு மட்டும் என்னய்யா?" என்றார்.

தீபாவளி சீசன். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு லோடெல்லாம் அந்தப் பாலத்தில்தான் வருகிறது. வெறும் காதை நம்பி மூடச் சொல்ல முடியுமா? சொல்லாமல் இருந்து, லாரியோடு தளம் இறங்கிவிட்டால்?

செப்டம்பர் 24

கண்ணாடியில் எறும்பு. ஒன்றிரண்டு இல்லை, சாரை சாரையாக. சிமென்ட்டில் எறும்புக்கு என்ன வேலை? நகத்தால் சுரண்டினேன். மைதாப் பசை! தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற பசை. கண்ணாடி கையோடு வந்துவிட்டது. நான் வைத்தது நேராக அறுத்த பட்டை, இது ஓரமெல்லாம் கோணல். என் பழைய கண்ணாடியின் முனைகள் மட்டும் சிமென்ட்டில் மிச்சம் இருக்கின்றன. விரிசலில் நகம் நுழைகிறது.

அடப்பாவிகளா – எத்தன நாளா? கண்ணாடியில தேதி கீறி வைக்கணும்னுகூட எனக்குத் தோணலையே!

சாயங்காலம் வேலை விட்டு வந்த பெண்களை மறித்துக் கேட்டேன். வெள்ளைத்தாய் ஒளிக்கவில்லை.

"நாந்தேன். மூணு தடவ ஒடைஞ்சிச்சு, மூணு தடவயும் ஒட்டுனேன். வீட்டுல சாமி படத்துக் கண்ணாடியத்தேன் ஒடைச்சு எடுத்தேன். இது ஒடைஞ்சா மூடிருவோம்னு நீங்கதான சொன்னீக? எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பட்டாசு லாரியிலதேன் லோடு வேலை. சீசன்ல மூடிப்புட்டா நாங்க என்னத்தத் திங்க?"

கத்தத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. "அந்த லாரி இது மேலதானம்மா போகுது."

அவள் அண்ணாந்து தளத்தின் அடியைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். எனக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை.

செப்டம்பர் 25

இன்ஜினியர் சிரிக்கிறார். மைதாப் பசையைக் காரணம் காட்டி மேலிடத்துக்கு எழுத முடியாதாம். புதுக் கண்ணாடி வையும், அது உடைந்தால் மூடுவோம் என்கிறார். வைத்தேன். இந்த முறை தேதி கீறியிருக்கிறேன். வெள்ளைத்தாய் வேடிக்கை பார்க்க நிற்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். இதையும் ஒட்டிவிடுவாளோ? கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது.

அக்டோபர் 5

பாலத்தில் தகராறு என்று ஆள் வந்து சொன்னான். சைக்கிளை மிதித்துப் போனேன். பட்டாசு லோடு லாரி பாலத்துக்கு முன்னால் நிற்கிறது. மூட்டை மேல் இருந்தபடி வெள்ளைத்தாயின் புருஷன் சங்கிலிமுத்து கத்துகிறான்: "எந்திரிடி! ஊரே பாக்குது, மானத்த வாங்காத!" பாதை நடுவே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் அவள். டிரைவர் ஹாரனை அடிக்கிறான், அவள் அசையவில்லை.

என்னைப் பார்த்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். கண்ணாடி, இரண்டு துண்டாக. ஒன்றில் நான் கீறிய தேதி.

"நான் ஒட்டல" என்றாள்.

சிவப்புக் கொடியை நானே கட்டினேன். ஆர்டர் வரட்டும், வராமல் போகட்டும்.

அக்டோபர் 28

நேற்றைய மழையில் தளத்தின் மேற்கு முனை ஓடையில் விழுந்தது. மேலே யாரும் இல்லை. விழுந்த துண்டைப் புரட்டிப் பார்த்தேன். மேல்தோல் கல்லாக இறுகியிருக்கிறது, உள்ளே கம்பி துருவாக உதிர்கிறது. புதுச் சுத்தியல் தோலைத்தான் தட்டியிருக்கிறது.

லோடு இப்போது வேறு வழியாகச் சுற்றிப் போகிறது, வேறு ஆட்களோடு. சங்கிலிமுத்து வீட்டில் இருக்கிறான். தீபாவளிக்கு அந்த வீட்டில் என்ன செய்வார்கள்? நான் செய்தது சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ இன்னும் பிடிபடவில்லை.

திரும்பும்போது அவர்கள் வீட்டுக்குப் போனேன். சங்கிலிமுத்து முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளைத்தாய், "வாங்கய்யா, சாப்பிட்டீகளா?" என்றாள். சுவரில் சாமி படம் வெறும் சட்டத்தோடு தொங்கியது. கண்ணாடிக்கு அளவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.