படிக்கட்டில் இறக்கும் முறை

2 செப்டம்பர் 2025, செவ்வாய்

தனுஜா பத்து காவானில் இருக்கும் தன் வீட்டிலிருந்து காரில் காலி அட்டைப்பெட்டிகளை ஏற்றிவந்து கூடத்தில் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறாள். “சும்மா இருக்கட்டும்மா” என்றாள். சும்மா இருப்பதற்கு யாராவது இவ்வளவு பெட்டி கொண்டுவருவார்களா? பெற்றவளுக்குத் தெரியாதா மகள் எதற்கு அடிபோடுகிறாள் என்று.

போகும்போது படியில் நின்று சொல்லியும்விட்டாள். “பின்னால தெருவுல மாடி எரிஞ்சிச்சே, பாத்தீங்கதானே? இங்க அந்த மாதிரி ஆச்சுன்னா அப்பாவ எப்படி எறக்குவீங்க? தீபாவளிக்குள்ள ஒரு வழி சொல்லுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துருங்க லா.”

நியாயமான கேள்விதான். அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது.

3 செப்டம்பர், புதன்

அவரிடம் சொன்னேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, “நான் எங்கயும் வரல” என்றார். கீழேயும் வரமாட்டார், பத்து காவானுக்கும் வரமாட்டார். பிறகு என்னதான் செய்வதாம்?

இடுப்பெலும்பு முறிந்து, ஏப்ரலில் ஆஸ்பத்திரி ஆட்கள் தூக்கிவந்து மேலே விட்டதோடு சரி, பிறகு கீழே இறங்கவேயில்லை. நடைச்சட்டத்தைப் பிடித்து அறைக்குள் நடக்கிறார். சூலியா தெருவிலிருந்து பிரியும் இந்தச் சந்தில் எல்லா வீட்டுக்கும் ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி. கீழே பைக்கடை, மாடியில் நாங்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே வீடு. யாரையாவது வைத்துத் தூக்கி இறக்குவோம் என்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். டாக்டர் கொடுத்த மறுபரிசோதனை நாளும் போய்விட்டது.

எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனமில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன், தனுஜாவிடம் சொல்ல முடியாது.

5 செப்டம்பர், வெள்ளி

பெட்டிதான் இருக்கிறதே, பழைய சாமானையாவது கழிப்போம் என்று அலமாரியின் அடித்தட்டை இழுத்தேன். அந்தப் புத்தகம் கிடைத்தது. பொதுத் தற்காப்புத் தொண்டர் பயிற்சிக் கையேடு. தட்டச்சு செய்து நகலெடுத்த தாள்கள், துருப்பிடித்த கம்பி. வேலை அத்தோடு நின்றது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

1965. இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலம். எந்த நேரமும் குண்டு விழலாம் என்று பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் பள்ளித் திடலில் பயிற்சி கொடுத்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. நானும் என் தோழி சுலைஹாவும் ஒன்றாகச் சேர்ந்தோம். அவள் வீட்டில் ‘நர்சு வேலை மாதிரி’ என்று சொல்லிவைத்திருந்தாள். கட்டுப்போடக் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசையாகப் போனேன். நான் ஒல்லி என்பதால் எனக்கு ஒரே வேலைதான் கிடைத்தது: காயம்பட்டவள். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிடுவார்கள். ‘தொடை எலும்பு முறிவு. நினைவு இல்லை.’ புல்லில் படுத்துக் கிடக்க வேண்டும். காயம்பட்டவர் பேசக்கூடாது, தூக்குகிறவர்களுக்கு உதவவும் கூடாது. எறும்பு கடித்தாலும் அசையக்கூடாது.

தலைமாட்டைப் பிடிப்பவர் எப்போதும் அணித் தலைவர். துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. பெயர் ராமதாஸ்.

ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் எழுதியதும் அவர்தான், படம் போட்டதும் அவர்தான். சுவர் இடிந்து அகப்பட்டவள், கை வெந்தவள், புகையில் மயங்கியவள், எல்லாருக்கும் இரட்டைச் சடை. எல்லாம் நான். திடலில் புத்தகம் கைக்கு வந்த அன்று சுலைஹா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: “ஏண்டி ரமணி, இந்த ஊருல குண்டு போட்டா ஒனக்கு மட்டுந்தான் அடிபடுமா?” அப்போதுதான் எனக்கே உறைத்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகம் சுட்டது.

குண்டு விழவேயில்லை. அவருக்கும் எனக்கும் கல்யாணம் ஆனதுதான் மிச்சம்.

7 செப்டம்பர், ஞாயிறு

புத்தகத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “மூக்கு சரியா வரல” என்றார். எத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறார் பாருங்கள்.

நான் ‘படிக்கட்டில் இறக்கும் முறை’ என்ற பக்கத்தைத் திறந்து காட்டினேன். கைப்பிடி இல்லாத மரநாற்காலி, துணியால் கட்டிய காயம்பட்டவள், பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர். “நீங்க எழுதினதுதானே. இப்படியே செய்யலாமே.”

புத்தகத்தை மூடிவிட்டார். “ஊரயே தூக்கினவன் நான். என்னைய நாற்காலியில கட்டி, தெருவே பாக்கத் தூக்கிட்டுப் போகணுமா?”

எனக்கு வந்ததே கோபம் — அப்படியே கொட்டிவிட்டேன். சனிக்கெழம சனிக்கெழம மண்ணுல கெடந்தேனே, அப்ப தெரு பாக்கலியா? ஒரு நாளாச்சும் வாயத் தொறந்தேனா? தூக்கறவன் கைய நம்பித்தானே படுத்தேன்? ஒங்களுக்கு மட்டும் யாரையும் நம்ப முடியாதா?

பக்கத்துக் கட்டிடம் வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

8 செப்டம்பர், திங்கள்

பேச்சு இல்லை. ரசத்தில் உப்பு கூடிவிட்டது. அதைக்கூடச் சொல்லாமல் குடித்தார்.

10 செப்டம்பர், புதன்

பசியாறும்போது ரொட்டியைத் தேத்தண்ணீரில் நனைத்துக்கொண்டே கேட்டார்: “தலமாட்டுல யாரு?”

நான் சந்தோஷத்தை வெளியே காட்டவில்லை. காட்டினால் மனம் மாறிவிடுவார். “மாப்பிள்ளை” என்றேன். “கால்மாட்டுல சுலைஹா மகன் ஹைக்கல்.”

“ஹைக்கல் குள்ளமா இருப்பானே. கால்மாட்டுக்குச் சரிதான்” என்றார்.

சமையலறைக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவினேன். அழுகை வந்தது.

13 செப்டம்பர், சனி

மாப்பிள்ளை லோகேஸ்வரன் பிறை ஊரில் தொழிற்சாலை வேலை முடிந்து நேரே வந்தார். ஹைக்கல் பக்கத்துக் கட்டிடத்துச் சாப்பாட்டுக் கடையை ஆளிடம் விட்டுவிட்டுத் தன் அம்மாவோடு வந்தான். சுலைஹாவுக்கு முட்டிவலி, கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இவர் மேற்படியில் நடைச்சட்டத்தைப் பிடித்து நின்று பழைய குரலை எடுத்தார். “மொதல்ல வேற ஆள வச்சு எறக்கிப் பாக்கணும். எடுத்த எடுப்புல காயம்பட்டவரத் தொடக்கூடாது.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுபத்தொன்பது வயதிலும் இந்த வேலையிலிருந்து எனக்கு விடுதலை இல்லை. சுலைஹா தனுஜாவின் பெட்டியிலிருந்து ஒரு மூடியைக் கிழித்து, ‘வயது முற்றியது. நினைவு உண்டு’ என்று எழுதிக் கழுத்தில் மாட்டினாள்.

“மாப்ள, முதுக வளைக்காதீங்க, முட்டிய மடக்குங்க. ஹைக்கல், ஒன் கண்ணு படியில இருக்கட்டும்.”

நாற்காலி பின்னால் சாய்ந்ததும் கூரைதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் நான் பயந்ததேயில்லை. இன்று பயந்தேன். அவர் ஏன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார் என்று கொஞ்சம் புரிந்தது. வெட்கம் மட்டும் இல்லை அது. ஆனாலும் அவரிடம் சொல்லவில்லை, காயம்பட்டவர் பேசக்கூடாது.

20 செப்டம்பர், சனி

இன்று அவர்.

தனுஜாவும் வந்திருந்தாள். அவருக்கு சுலைஹா எழுதிக் கொடுத்த அட்டை: ‘இடுப்பு எலும்பு. வீம்பு அதிகம்.’ படித்துப் பார்த்தார். குனிந்து கழுத்தை நீட்டினார். என்னிடம், “நீ கீழ போய் நில்லு” என்றார்.

கீழே நின்று பார்த்தேன். பாதிப் படியில் அவர் கை சுவரைத் தேடியது. பிடித்தால் தூக்குகிறவர்களின் நிலை தவறிவிடும். அது அவருக்குத் தெரியாதா? கை அப்படியே நின்றது, பிறகு மடிக்குத் திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலி அஞ்சடியில், கடைவாசல் நடைபாதையில், இறங்கும்வரை நான் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பைக்கடைக்காரர் பைகளை ஒதுக்கி இடம் கொடுத்தார். ஹைக்கல் எல்லாருக்கும் தேத்தண்ணீர் வரவழைத்தான். இவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த காப்பிக்கடை இப்போது வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி. “பயிற்சி முடிஞ்சு அங்கதான் ஐஸ் தண்ணி குடிப்போம். நீ காசு குடுக்கவே மாட்ட” என்று சுலைஹாவிடம் சொன்னார். “காயம்பட்டவகூட ஒக்காந்து குடிக்க ஒங்களுக்கு ஒரு சாக்கு வேணும்ணே, அதுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?” என்றாள் அவள். தனுஜா சிரித்தாள். இந்தக் கதையெல்லாம் அவள் கேட்டதில்லை.

வெயில் இறங்கியபோது மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: “மாமா, மேல எப்படி ஏத்தறது?”

புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினோம். ஏற்றும் முறை இல்லை. இறக்கும் முறை மட்டும்தான். இத்தனை நாள் இவ்வளவு கூடிப் பேசினோமே, ஒருவருக்காவது தோன்றியதா? இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எரியிற வீட்டுக்குள்ள யாரு திரும்பத் தூக்கிட்டுப் போவா? அதான் எழுதல” என்றார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

பள்ளிவாசலில் அந்திநேர மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவரே யோசித்துச் சொன்னார். “என் மொகம் தெருப்பக்கமே இருக்கட்டும். மேலருந்து மாப்பிள்ளை இழுக்கட்டும், கீழருந்து ஹைக்கல் தாங்கட்டும். ஒவ்வொரு படியிலயும் நில்லுங்க.” ஏறிவிட்டார்கள்.

தனுஜா விடவில்லை. “இவங்க ரெண்டு பேரும் இல்லாத ராத்திரி என்ன செய்வீங்க?”

“எங்க கடை ஆளுங்க பக்கத்து மாடியிலதான் படுக்கிறாங்கக்கா. அவங்களுக்கும் சொல்லிக் குடுத்துருவோம்” என்றான் ஹைக்கல்.

தனுஜா அப்பாவைப் பார்த்தாள். அவர் கழுத்தில் இன்னும் அட்டை தொங்கியது. “சரி. ஆனா மாசாமாசம் நான் வந்து பாப்பேன்” என்றாள்.

22 செப்டம்பர், திங்கள்

பென்சில் கேட்டார். எதற்கென்று கேட்டேன். “குறுக்கெழுத்து” என்றார். பொய்.

3 அக்டோபர், வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். இறக்கியவர்கள் ஹைக்கலின் கடை ஆட்கள், இவர்தான் அதட்டிக்கொண்டே வந்தார். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறதாம். வாய்க்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

11 அக்டோபர், சனி

பெட்டிகளை ஹைக்கல் கடைக்கு எடுத்துப்போய்விட்டான். கூடம் பளிச்சென்று இருக்கிறது. தீபாவளிக்கு எல்லாரும் இங்கேதான்.

அலமாரியில் வைக்கலாம் என்று கையேட்டை எடுத்தேன். ‘படிக்கட்டில் இறக்கும் முறை’க்கு அடுத்து ஒரு புதுத்தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு, ‘படிக்கட்டில் ஏற்றும் முறை’. கோடெல்லாம் நடுங்கியிருக்கிறது. மேலே உயரமாக மாப்பிள்ளை, கீழே குட்டையாக ஹைக்கல். நடுவில் நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒரு கிழவர், கழுத்தில் அட்டை.

படியின் அடியில், அஞ்சடியில், இரட்டைச் சடையோடு ஒரு பெண் நிற்கிறாள். கையில் தேத்தண்ணீர்க் கோப்பை. மூக்கு இந்தத் தடவையும் சரியாக வரவில்லை. தலையில் கட்டு இல்லை, கையைத் தாங்கும் துணி இல்லை, கழுத்தில் அட்டை இல்லை. புத்தகத்தை முதலிலிருந்து மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். எனக்கு ஒரு காயமும் இல்லாத படம் இது ஒன்றுதான்.