துணிப் படகின் முன் இருக்கை

தாராவி,
10-2-1964

அன்புள்ள கனகவள்ளிக்கு இசக்கி எழுதுவது.

இங்கே நான் சுகம். அங்கே உன் உடம்பும் மாமா, அத்தை உடம்பும் எப்படி என்று நீதான் எழுத வேண்டும். போன ஆடியில் ஊருக்குப் போனவள், என் மூன்று கடிதத்துக்கும் பதில் போடவில்லை.

இரண்டு மாதமாகப் பட்டறையில் பெட்டி அடிக்கும் வேலைக்கு நடுவே ஒரு படகு செய்தேன். மாட்டுங்காவில் இருக்கும் ஜகந்நாதன் என்ற இன்ஜினீயர் இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து படம் கொண்டுவந்தார். பதினாறு அடி நீளம், மரச் சட்டம், அதன்மேல் கித்தான் துணி. இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். பெயர் கயாக்காம். மீன் பிடிக்கவா என்று கேட்டேன். சும்மா போய்வர என்றார். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீரில் நிற்கிறவனிடம் வந்து இதைச் சொல்கிறாரே என்று கோபம் வந்தது. ஆனால் சட்டங்களை வளைத்து முடித்த அன்று விசில் அடித்தேன். ஏன் என்று எனக்கே புரியவில்லை.

கித்தான் தைக்க அப்துல் ரவூப் அண்ணனைக் கூப்பிட்டேன். தோல் வேலை பார்த்த கை. நனைத்து இழுத்து அடித்த தோல் காய்ந்ததும் இறுகும் அல்லவா? அதே மாதிரி கித்தானையும் ஊறவைத்து இழுத்து ஆணி அடித்தார். நானும் பிடித்துக்கொடுத்தேன். காய்ந்ததும் தொளதொளவென்று தொங்கிவிட்டது. "மாட்டுத் தோலுக்கு இருக்க ரோஷம்கூட இந்தத் துணிக்கு இல்லியேடே" என்றார் அண்ணன். இன்ஜினீயர் திட்டவில்லை. "உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்று சிரித்தார். திட்டியிருக்கலாம். எல்லாவற்றையும் பிரித்து, உலர்ந்தபடியே இழுத்துத் தைத்து, பெயிண்ட் அடித்தோம்.

நேற்று கைவண்டியில் மாகுல் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். வழியில் சயானில் ஒருத்தர் அதைப் பாடை என்று நினைத்து, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, "யாருவே, நம்மூர் ஆளா?" என்று துக்கம் கேட்டார்.

கரையில் இன்ஜினீயரின் மனைவி சுப்புலக்ஷ்மி அம்மாள் கித்தானை விரலால் அமுக்கிப் பார்த்தார். "துணியை நம்பிக் கடல்ல எறங்குவாளா யாராவது? நான் வரல" என்று மணலில் உட்கார்ந்துவிட்டார். உடனே இன்ஜினீயர் என்னை முன்னால் உட்காரச் சொன்னார். எனக்கு நீச்சல் தெரியாது. வீம்புக்கு அதைச் சொல்லவில்லை.

தொடைக்குக் கீழே தண்ணீர் நகர்வது துணி வழியாகத் தெரிந்தது. பின்னால் இருப்பவர் என்ன செய்கிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் படகு சாய்ந்தது. "திரும்பாதே இசக்கி, நீ போடறதப் பாத்துத்தான் நான் போடறேன்" என்று கத்தினார். ஓர் இன்ஜினீயர், என் கையைப் பார்த்து! அடுத்த ஞாயிறும் வரச் சொல்கிறார். கூலிக்கா, கூட்டுக்கா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

தண்ணீரில் வைத்துத்தான் அது நினைவு வந்தது. நம் அறையில் முழங்கால் வெள்ளம் ஏறிய அன்று நான் பட்டறை சேட்டின் பலகைகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நம் அரிசிப் பானை மிதந்துகொண்டிருந்தது. நீ என் பின்னால் நின்று என்னவோ சொன்னாய். நான் திரும்பவில்லை. "எல்லாரும் இருக்கலியா, ஒனக்கு மட்டும் என்ன?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டேன். மறுநாள் உன் அண்ணனோடு ரயிலேறிவிட்டாய்.

படகுக்கு மிஞ்சிய மரத்தில் அறைக்குள் இடுப்புயரத்துக்கு ஒரு மேடை போட்டிருக்கிறேன். இரண்டு பேர் படுக்கலாம். இந்தச் சந்துக்குச் சாக்கடை போட்டுத்தர யாரும் வரப்போவதில்லை. அடுத்த ஆடியிலும் தண்ணீர் வரும். பொய் சொல்லி உன்னைக் கூப்பிட மாட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் கால் நனையாமல் இருக்க வேண்டும். அன்றைக்கு என் பின்னால் நின்று என்ன சொன்னாய் என்பதை மட்டுமாவது எழுது.

இப்படிக்கு,
உன் பதிலை எதிர்பார்க்கும்
இசக்கி