அண்ணனின் திடீர்ப் பாசம்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். உங்கள் முட்டிவலி, அப்பாவின் இருமல் எப்படி இருக்கின்றன? நான் நலம்.

நேற்று ஒரு வேடிக்கை. நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரை, தானே கவனிப்பதாகச் சொல்லி அவர் மகன் அரசாங்க உதவித்தொகை வாங்குகிறார். விசாரிக்க அதிகாரி வந்ததும், என்னைப் பக்கத்து வீட்டுப் பெண்ணாக்கிவிட்டு, "எல்லாம் நான்தான் சார்" என்றார்.

"அப்பா பல்செட்ட எங்க வெச்சிருக்கீங்க?" என்று அதிகாரி கேட்க, மனிதர் ஃப்ரிட்ஜைத் திறந்தார்!

எட்டிக்கூடப் பார்க்காத அண்ணன் இப்போது தினமும் வந்து அப்பாவுக்குச் சவரம் செய்வதாகப் பூரித்துப்போய்ச் சொன்னீர்களே, நம் வீட்டுக்கும் யாராவது விசாரிக்க வருகிறார்களா?

அப்பா பேசுவதைப் பதிவு செய்து அனுப்புங்கள். வெறும் இருமலானாலும் போதும்.

பெரியவர் கூப்பிடுகிறார். அண்ணனிடம் அப்பாவின் பல்செட் எங்கே என்று சும்மா கேட்டுப் பாருங்கள். பாவமென்று நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் சின்னவள்